பன்னிரண்டு இடங்களும் ஒரு தபால் உறையும்

2020 ஜூன் மாதம் மூன்றாவது வாரம். டப்ளினில் ஊரடங்கு தளர்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குள் யாரும் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சுவர் மேல் அவருடைய டீக் கோப்பை. கோப்பைக்கு அடியில், காற்றில் பறந்துவிடாமல் இருக்க, ஒரு தபால் உறை. பசுமைக் கட்சி தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய வாக்குச்சீட்டு அது. இரண்டு பெரிய கட்சிகளோடு சேர்ந்து ஆட்சியில் உட்காரலாமா, கூடாதா என்று ஒரே கேள்வி. வந்து நான்கு நாளாகிவிட்டது, இன்னும் குறிக்கவில்லை என்றார்.

கூட்டணிப் பேச்சுவார்த்தை என்றாலே நாற்காலிப் பேரம் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்த 2020 அயர்லாந்துத் தேர்தலுக்குப் பிறகு நடந்த நான்கரை மாத இழுபறியை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பேரமும் நடந்தது, காய்நகர்த்தலும் நடந்தது, அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் அதில் உயிரைப் பணயம் வைத்தது ஒரே ஒரு கட்சிதான், அதுவும் விளைவு என்ன என்று தெரிந்தே வைத்தது.

முதலில் தேர்தல். 2020 பிப்ரவரி 8, சனிக்கிழமை. குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு அதுதான் முதல் பொதுத்தேர்தல். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி, மேசையில் நூல் கட்டிய பென்சில், நீளமான வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் புகைப்படம், கட்சிச் சின்னம். முத்திரை குத்துவது கிடையாது, 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். நம் முதல் விருப்பக்காரர் தோற்றாலோ, தேவைக்கு மேல் வாக்கு வாங்கிவிட்டாலோ, வாக்கு அடுத்தவருக்கு நகரும். அதனால் எண்ணிக்கை நாள்கணக்கில் போகும், தனிப்பெரும்பான்மையும் லேசில் யாருக்கும் கிடைக்காது.

அந்த முறை முடிவு இப்படி வந்தது: மொத்தம் 160 இடங்கள். ஃபியானா ஃபாய்ல் 38, ஷின் ஃபேன் 37, ஃபினா கேல் 35, பசுமைக் கட்சி 12, தொழிலாளர் கட்சி 6, சமூக ஜனநாயகவாதிகள் 6, தீவிர இடதுசாரிகள் 5, மிச்சம் பெரும்பாலும் சுயேச்சைகள். பெரும்பான்மைக்கு 80 வேண்டும், முதல் மூன்று பேரில் யாருக்கும் 40கூட இல்லை. வாக்குச் சதவீதத்தில் ஷின் ஃபேன்தான் முதலிடம், 24.5. ஆனால் அவர்களே இதை எதிர்பார்க்கவில்லை, நாடு முழுக்க 42 வேட்பாளர்களைத்தான் நிறுத்தியிருந்தார்கள். பல தொகுதிகளில் அவர்களுடைய ஒரே வேட்பாளர் வாக்கை அள்ளிக்கொண்டு முதல் சுற்றிலேயே ஜெயித்தார், உபரி வாக்கை வாங்கிக்கொள்ள அதே கட்சியில் இன்னொருவர் இல்லாததால் அது மற்ற இடதுசாரிகளுக்குப் போய் அவர்களைக் கரையேற்றியது. இன்னும் ஒரு டஜன் பேரை நிறுத்தியிருந்தால் அடுத்து நடந்த கதையே வேறாக இருந்திருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

வாடகை, வீடு, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் டிராலியில் படுத்திருப்பது. இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் என்னைப் போன்ற வாடகை வீட்டுக்காரர்கள் பென்சிலை எடுத்தோம். அப்புறம் பார்த்தால், யாருமே ஆட்சிக்கு வரத் தயாராக இல்லை.

ஏனென்றால் எல்லோரும் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபியானா ஃபாய்ல் தலைவர் மீஹால் மார்ட்டின், ஷின் ஃபேனோடும் சேர மாட்டேன், ஃபினா கேலோடும் சேர மாட்டேன் என்று பிரசாரம் முழுக்கச் சொல்லியிருந்தார். வாக்கு எண்ணும்போது அந்தக் குரல் கொஞ்சம் இளகியது போலத் தெரிந்தது. ஆனால் அதே வாரம் அவருடைய நாடாளுமன்றக் கட்சி கூடி ஷின் ஃபேனுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பிரதமராக இருந்த ஃபினா கேலின் லியோ வரத்கர், மக்கள் எங்களை எதிர்க்கட்சியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள் என்று ஒதுங்கினார். ஷின் ஃபேனின் மேரி லூ மெக்டொனால்ட் இடதுசாரிகளைச் சேர்த்து ஆட்சி அமைப்பதாகச் சொன்னார். கூட்டிப் பாருங்கள்: 37, 12, 6, 6, 5. மொத்தம் 66 தான் வரும். மிச்சம் 14 பேரை எங்கே போய்ப் பிடிப்பது? அந்தக் கூட்டல் சரிப்படாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் முயற்சி செய்தோம், எங்களை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று மக்களிடம் சொல்ல அது உதவியது. பிப்ரவரி கடைசியில் டப்ளின் லிபர்ட்டி ஹாலில் அவர்கள் நடத்திய கூட்டத்துக்கு உள்ளே இடம் கொள்ளவில்லை.

பிப்ரவரி 20 அன்று கீழவை, இங்கே டாய்ல் என்பார்கள், முதன்முறை கூடியது. பிரதமர் பதவிக்கு நான்கு பேர் பெயர் முன்மொழியப்பட்டது. மெக்டொனால்டுக்கு 45 வாக்கு, மார்ட்டினுக்கு 41, வரத்கருக்கு 36, பசுமைக் கட்சியின் ஏமன் ரயனுக்கு அவர் கட்சியின் அதே 12. நான்கு பேரும் தோற்றார்கள். வரத்கர் அன்று இரவே ராஜினாமா கொடுத்துவிட்டுக் காபந்து பிரதமராகத் தொடர்ந்தார்.

அடுத்த பத்தே நாளில் நாட்டின் முதல் கொரோனா நோயாளி. இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் போக்கே மாறியது. மார்ச் 12 அன்று, செயின்ட் பேட்ரிக் நாளுக்காக வாஷிங்டன் போயிருந்த வரத்கர் அங்கிருந்தே பள்ளிகளை மூடுவதாக அறிவித்தார். தேர்தலில் மூன்றாம் இடத்துக்குப் போன கட்சியின் தலைவர் தினமும் தொலைக்காட்சியில் நாட்டை வழிநடத்துகிறார். கருத்துக்கணிப்பில் ஃபினா கேல் கிடுகிடுவென ஏறியது, முதலிடம் பிடித்த ஃபியானா ஃபாய்ல் சரிந்தது. இன்னொரு தேர்தல் வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பேச்சுவார்த்தை மேசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. மார்ட்டினுக்கோ இதுதான் கடைசி வாய்ப்பு. பிரதமர் ஆகவே ஆகாத முதல் ஃபியானா ஃபாய்ல் தலைவர் என்ற பெயர் அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஃபியானா ஃபாய்லும் ஃபினா கேலும் ஒரே மேசையில் உட்கார்ந்ததை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். 1921 இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்கள் ஒரு பக்கம், ஏற்காதவர்கள் இன்னொரு பக்கம் என்று நாடு பிளந்து, 1922 - 23 இல் உள்நாட்டுப் போர் நடந்தது. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அந்தப் பிளவின் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தவைதான் இந்த இரண்டு கட்சிகள். 1948 இல் ஒரு கூட்டணி அமையும்போது, ஃபினா கேல் தலைவர் ரிச்சர்ட் மல்கஹி பிரதமர் ஆக முடியவில்லை, உள்நாட்டுப் போரில் அரசுப் படைக்குத் தலைமை தாங்கியவர் என்பதால் கூட்டணியில் ஒரு கட்சி அவரை ஏற்காது. அவர் ஒதுங்கி நின்று, கட்சித் தலைவராக இல்லாத ஜான் கோஸ்டெல்லோவைப் பிரதமராக்கினார். போர் முடிந்து 25 வருடம் ஆகியும் காயம் அவ்வளவு பச்சையாக இருந்தது. 2016 இல்கூட, 70 நாள் இழுபறிக்குப் பிறகு, ஃபினா கேலின் சிறுபான்மை அரசுக்கு ஃபியானா ஃபாய்ல் வெளியில் இருந்துதான் முட்டுக் கொடுத்ததே தவிர, ஒரே அமைச்சரவையில் உட்காரவில்லை.

2020 ஏப்ரல் நடுவில் இருவரும் சேர்ந்து ஒரு பொது ஆவணம் வெளியிட்டார்கள். பிரதமர் பதவியை மாறி மாறி வகிப்பது என்று பேச்சு. பின்னால் ஜூனில் முடிவானபடி மார்ட்டின் முதலில், 2022 டிசம்பரில் வரத்கர். சரி, நூற்றாண்டுப் பகை முடிந்தது. ஆனால் கணக்கு முடியவில்லை. சபாநாயகரைக் கழித்தால் இருவருக்கும் சேர்த்து 72 தான், இன்னும் எட்டுப் பேர் வேண்டும். தொழிலாளர் கட்சி வர மறுத்துவிட்டது. 2011 இல் 37 இடம் வைத்துக்கொண்டு ஃபினா கேலோடு ஆட்சியில் சேர்ந்து, சிக்கன நடவடிக்கைகளின் பழியைச் சுமந்து, 2016 இல் 7 இடத்துக்கு இறங்கியவர்கள் அவர்கள், குறை சொல்ல முடியாது. சமூக ஜனநாயகவாதிகளும் வெளியே நின்றார்கள்.

மிஞ்சியது பசுமைக் கட்சி, 12 இடம். எல்லோர் கண்ணும் அங்கே திரும்பியது.

இவர்களுக்கும் ஒரு பழைய காயம் உண்டு. 2007 இல் ஆறு இடங்களோடு ஃபியானா ஃபாய்ல் அரசில் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் வங்கிகள் சரிந்தன, 2010 இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் கடன் கேட்டு நிற்க வேண்டி வந்தது. 2011 தேர்தலில் ஆறு பேரும் காலி. ஒரு இடம்கூட இல்லை. வாக்கு 2 சதவீதத்துக்குக் கீழே போனதால் கட்சிகளுக்கு அரசு தரும் ஆண்டு நிதியும் நின்றுபோனது. அந்த அரசில் அமைச்சராக இருந்து, இடத்தை இழந்து, சம்பளம் தரக்கூடக் காசில்லாத கட்சிக்குத் தலைவராகி, ஒன்பது வருடம் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கியவர்தான் ஏமன் ரயன். 2016 இல் இரண்டு இடம், 2020 இல் பன்னிரண்டு. இப்போது அதே ஃபியானா ஃபாய்ல் மறுபடி வந்து கதவைத் தட்டுகிறது, கூடவே ஃபினா கேலும்.

பெரிய கட்சி ஆட்சியில் தோற்றால் இருபது இடம் போகும், பத்து வருடத்தில் திரும்பி வரும். சின்னக் கட்சி தோற்றால் அலுவலகத்தையே பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். 1989 இல் அன்றைய பிரதமர் சார்ல்ஸ் ஹாஹியோடு சேர்ந்து ஃபியானா ஃபாய்லுக்கு முதல் கூட்டணியைப் பழக்கிவிட்ட முற்போக்கு ஜனநாயகவாதிகள் கட்சி 2009 இல் தன்னையே கலைத்துக்கொண்டது. இது எல்லாம் தெரிந்தும், வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தால் பசுமைக் கட்சியை யாரும் திட்டியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் 17 கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். முதல் கேள்வியே கரிம உமிழ்வை வருடத்துக்குச் சராசரி 7 சதவீதம் குறைக்க ஒப்புக்கொள்கிறீர்களா என்பது. உமிழ்வில் மூன்றில் ஒரு பங்கு விவசாயத்திலிருந்து, அதாவது மாடுகளிலிருந்து வரும் நாடு இது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் கிராமப்புறத் தொகுதிகளே அடிமடி. வழவழா கொழகொழா என்றுதான் முதல் பதில் வந்தது. கட்சிக்குள்ளேயும் பிளவு. துணைத் தலைவர் கேத்தரின் மார்ட்டினுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போவதிலேயே விருப்பமில்லை, பிறகு அவரையே பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைமை ஏற்கச் செய்தார்கள். அவர் கடைசியில் ஒப்பந்தத்தை ஆதரித்தார். அதே குழுவில் உட்கார்ந்து வாரக்கணக்கில் பேசிய நீசா ஹூரிகன், உடன்பாட்டில் ஏழைகளுக்கு நியாயம் இல்லை என்று எதிர்த்தார். இரண்டு பேருமே மனதறிந்துதான் முடிவெடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 15 அன்று செயல்திட்டம் தயார். அதற்கு மேல் தலைவர்கள் கையில் ஒன்றும் இல்லை, மூன்று கட்சிகளிலும் உறுப்பினர்கள் ஒப்புதல் தர வேண்டும். பசுமைக் கட்சியின் விதிப்படி பாதிக்கு மேல் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது முழுத் தீவுக்கும் ஒரே கட்சி என்பதால் வட அயர்லாந்து உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு, அங்குள்ள தலைவர் கிளேர் பெய்லி வெளிப்படையாக எதிர்த்தார். நேரமும் நெருக்கியது. மேலவையின் 60 பேரில் 11 பேரைப் புதிய பிரதமர்தான் நியமிக்க வேண்டும், அந்த நியமனம் இல்லாமல் மேலவை கூட முடியாது, மேலவை இல்லாமல் சட்டம் இல்லை. பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கான சட்டப் பிரிவுகளை ஜூன் மாத முடிவுக்குள் புதுப்பித்தாக வேண்டும். நாட்டு அரசாங்கம் மொத்தமும் சில ஆயிரம் தபால் உறைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதில் ஒன்றுதான் எங்கள் சுவர் மேல் டீக் கோப்பைக்கு அடியில் இருந்தது.

பெரியவர் எண்பதுகளில் கட்சியில் சேர்ந்தவர். 2011 எண்ணிக்கையின்போது கூடத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, வாக்குச்சீட்டுகளை மேசையில் விரிக்க விரிக்க எட்டிப் பார்த்துத் தன் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தாராம். அந்த வேலையை டாலி என்பார்கள், கட்சிக்காரர்கள் அதிகாரபூர்வ முடிவுக்கு மணிக்கணக்கு முன்னாலேயே தலைவிதியைக் கணித்துவிடுவார்கள். மத்தியானத்துக்குள் தன் பென்சிலைப் பையில் வைத்துவிட்டதாகச் சொன்னார். மறுபடி அப்படி ஒரு நாள் வரும், வந்தே தீரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெளியே நின்றால் அடுத்த ஐந்து வருடம் உமிழ்வு பற்றி யார் பேசுவார்கள் என்பதுதான் அவரை அலைக்கழித்தது.

இரண்டு நாள் கழித்து உறையை ஒட்டிச் சுவர் மேல் வைத்து, போய்ப் போட்டுவிட முடியுமா என்று கேட்டார். தெருமுனையில் இருக்கும் தபால் பெட்டி பிரிட்டிஷ் காலத்துப் பெட்டி, சிவப்பாக இருந்ததைச் சுதந்திரத்துக்குப் பிறகு பச்சை அடித்துவிட்டார்கள், வண்ணத்துக்கு அடியில் அரசரின் எழுத்து முத்திரை இன்னும் புடைத்துக்கொண்டு தெரியும். உள்ளே என்ன குறித்திருந்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 26 இரவு முடிவுகள் வந்தன. ஃபினா கேலில் 80 சதவீதம் ஆதரவு, ஃபியானா ஃபாய்லில் 74, பசுமைக் கட்சியில் 76. மறுநாள் சனிக்கிழமை, இடைவெளி விட்டு உட்கார வேண்டும் என்பதால் டாய்ல் தன் வழக்கமான கட்டடத்தில் கூடாமல் லிஃபி ஆற்றங்கரை மாநாட்டு மையத்தில் கூடியது. பெரிய அரங்கில் ஒருவருக்கொருவர் எட்டியே உட்கார்ந்திருந்த உறுப்பினர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 93க்கு 63 என்று மார்ட்டின் பிரதமர் ஆனார், தேர்தல் முடிந்து 140 நாள் கழித்து. அடுத்த மாதமே பசுமைக் கட்சியில் தலைவர் தேர்தல், ரயன் கேத்தரின் மார்ட்டினை 994க்கு 946 என்று வென்றார். 48 வாக்கு வித்தியாசம், கட்சி எவ்வளவு நெருக்கடியில் இருந்தது என்பதற்கு அது போதும்.

என்ன கிடைத்தது? 2021 இல் பருவநிலைச் சட்டம் வந்தது. 2018 அளவிலிருந்து 2030க்குள் உமிழ்வை 51 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது இப்போது சட்டம், எந்த அரசு வந்தாலும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியது. புதுச் சாலைக்கு ஒரு யூரோ என்றால் பொதுப் போக்குவரத்துக்கு இரண்டு என்று எழுதி வாங்கினார்கள். 2022 இல் பேருந்து, ரயில் கட்டணம் 20 சதவீதம் குறைந்தது. டப்ளினில் 2.30 யூரோவாக இருந்த 90 நிமிடப் பயணம் 2 யூரோ ஆனது, பேருந்தில் ஏறி லீப் கார்டு என்னும் பயண அட்டையைத் தட்டும்போது திரையில் அந்த 2.00 தெரியும், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பேருந்தில் தட்டினால் பிடித்தம் இல்லை. இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறவனுக்கு அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கொடுத்த விலையும் உண்டு. கரிம வரி டன்னுக்கு ஆண்டுதோறும் 7.50 யூரோ ஏறிக்கொண்டே போகும் என்று சட்டமாக்கினார்கள், பேருந்தே வராத கிராமத்தில் மண்ணெண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்குகிறவர் அதை எப்படி மன்னிப்பார்? அப்புறம் 2023 மார்ச். குளிர்காலத்தில் வாடகைக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்று இருந்த தடையை அரசு நீட்டிக்கவில்லை, பசுமைக் கட்சி கூடவே நின்றது. நீசா ஹூரிகன் மட்டும் எதிர்த்து வாக்களித்தார், கட்சி அவரை 15 மாதம் விலக்கி வைத்தது. அந்த முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அந்த வசந்தத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 29 தேர்தலில் பன்னிரண்டு ஒன்றாகியது. ரயன் ஏற்கெனவே தலைமையிலிருந்து விலகியிருந்தார், கேத்தரின் மார்ட்டின் தோற்றார், புதிய தலைவர் ரோடரிக் ஓ'கோர்மன் மட்டும் டப்ளின் மேற்கில் கடைசி இடத்தைப் பிடித்துத் தப்பினார். இரண்டு பெரிய கட்சிகளுக்கோ பெரிய சேதம் இல்லை. இப்போது 174 இடம், அவர்களுக்கு 48உம் 38உம், மொத்தம் 86. பெரும்பான்மைக்கு இரண்டே பேர் குறைவு. தொழிலாளர் கட்சியும் சமூக ஜனநாயகவாதிகளும் ஆளுக்கு 11 இடத்தோடு ஒதுங்கிக்கொண்டார்கள், பக்கத்தில் பசுமைக் கட்சிக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு யார் வருவார்கள்? அதனால் சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தொகுதிக்கு இது, இணையமைச்சர் பதவி அது என்று பேசி முடிந்தது. அரசை ஆதரிக்கும் சுயேச்சைகளில் சிலர் எதிர்க்கட்சிக்கான பேச்சு நேரமும் எங்களுக்கு வேண்டும் என்று கேட்க, 2025 ஜனவரி 22 அன்று டாய்லில் கூச்சல் குழப்பம், பிரதமரைத் தேர்ந்தெடுக்காமலேயே அவை கலைந்தது. மறுநாள்தான் மார்ட்டின் 95க்கு 76 என்று மீண்டும் பிரதமர் ஆனார். அந்த சுயேச்சைகள் யாருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டியிருக்கவில்லை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை.

தேர்தல் முடிந்த வாரம் பெரியவரைப் பார்த்தேன். இந்த முறை எண்ணிக்கைக் கூடத்துக்குப் போகவில்லையாம், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அந்த உறைக்குள் என்ன குறித்தீர்கள் என்று நாலரை வருடம் கழித்துக் கேட்டேன். ஆம் என்றுதான் குறித்தாராம், மறுபடி அதே சீட்டு வந்தாலும் அதையேதான் குறிப்பாராம். ஆனால் 2023 மார்ச்சில், அந்த வாடகைத் தடை விவகாரத்தில், கட்சி அரசைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும் என்றார். அப்போதே தலைமைக்குக் கடிதம் எழுதினாராம். உள்ளே போய் நகலைத் தேடி எடுத்து வந்து காட்டினார், இரண்டு பக்கம், கையெழுத்தில்.